ஓடிபி சொல்லும்மா!

லிஃப்ட் பள்ளத்தின் அடியில் அந்த உடல் கிடந்தது.

மேலே, லிஃப்ட் சமர்த்தாக நாலாவது மாடியில் நின்றது... நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல!

செத்துக் கிடந்தவன் லிஃப்ட் மெக்கானிக். கதறிக்கொண்டு ஓடி வந்தவள் அவன் தங்கை.

அவளிடம் இன்ஸ்பெக்டர் மேடம் செல்போனை நீட்டினாள்.

"உங்கண்ணன் அனுப்பின மெயில். படிங்க."

'பழுதான லிஃப்ட்டுக்குப் பொய்ச் சான்று கொடுத்தவன் நானே. குற்றவுணர்ச்சி என்னை வாட்டுகிறது. விடைபெறுகிறேன்.'

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது.

"இது எங்கண்ணன் எழுதினது இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவன் மெயில்ல 'ஓகே'ன்னு எழுதுவான். ரொம்ப உணர்ச்சிவசப்பட்டா 'ஓகே சார்'ம்பான். 'குற்றவுணர்ச்சி'ன்னு தப்பில்லாம எழுத அவனுக்கு இன்னொரு ஜென்மம் வேணும்!"

"அவர் கணக்குலேருந்துதானே போயிருக்கு?"

அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ... மேடம்! ஓடிபி!"

அண்ணன் வருஷம் தவறாமல் ஒரு செல்போனை லிஃப்ட் பள்ளத்தில் போடுகிறவன். அதனால் தன் மெயிலுக்கு வரும் ஓடிபியைத் தங்கையின் நம்பருக்குத் திருப்பி வைத்திருந்தான். பாஸ்வேர்டு? கம்பெனிப் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று. கம்பெனியில் அத்தனை பேருக்கும் அதேதான். முதலாளி உத்தரவு!

"மத்தியானம் முதலாளி போன் பண்ணாரு. 'உங்கண்ணன் மறுபடியும் போனைப் போட்டுட்டான்மா. அவசரமா ஒரு ஃபைல் எடுக்கணும், ஓடிபி சொல்லும்மா'ன்னாரு. சொல்லிட்டேன்."

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

அவள் தலை குனிந்தாள்.

"பேங்க் கால் சென்டர்ல. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்'னு நாள் முழுக்கச் சொல்றதுதான் மேடம் வேலையே."

ஊருக்குத்தான் உபதேசம்!

"முதலாளிக்கு உங்கண்ணன் மேல என்ன கோபம்?"

"பழைய ரோப்பை மாத்தாமலே புது ரோப்னு பில் போட்டாரு. அண்ணன் சான்றுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான். புகார் கொடுக்கப் போறேன்னும் சொன்னான்."

மேடம் பெருமூச்சு விட்டாள்.

"முதலாளியை விசாரிச்சுட்டேன். வேலை விஷயமா உங்ககிட்ட பேசினாராம், ஓடிபியே கேக்கலையாம். மெயில் போனது ஆபீஸ் பொதுக் கம்ப்யூட்டர்லேருந்து. உங்கண்ணனே அனுப்பியிருக்கலாமே? நீங்க சொல்றதுக்குச் சாட்சி வேணும்மா."

"சாட்சிதானே? வர வைக்கிறேன்."

"நியாயம் கிடைக்கும், அவசரப்படாதீங்க."

"நியாயத்தை நீங்க வச்சுக்கோங்க மேடம். எனக்குப் பழி போதும்!"

காரியம் முடிந்தது. அண்ணன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு நேராகக் கால் சென்டருக்கு வந்தவள், முதலாளிக்குப் போன் போட்டாள். குரலில் தேன்.

"சார், அண்ணன் தொப்பியில கேமரா மாட்டிக்கிட்டுத்தான் வேலை பாப்பானாம். வீடியோ தானாவே அவன் கணக்குல ஏறிடுமாம். எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது சார். போலீஸ்ல கொடுத்துடவா?"

எதிர்முனையில் முதலாளி பதறினார்.

"வே... வேணாம்மா! அவங்களுக்கு என்ன தெரியும்? நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஓடிபி வரும், சொல்லிடு."

"என் செல்லுல பேச்சு விட்டு விட்டுக் கேக்குது சார். எங்க ஆபீஸ் நம்பருக்கு அடிங்களேன்."

அடித்தார். உலகத்தில் யாருமே காது கொடுத்துக் கேட்காத அந்த அறிவிப்பு ஓடியது. அவரும் கேட்கவில்லை.

தங்கை எடுத்தாள். பக்கத்து நாற்காலியில் ஹெட்போனோடு மேடம். மேடத்தின் லேப்டாப்பில் அண்ணனின் கணக்கு திறந்திருந்தது.

"ஓடிபி வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சு சார். ஆனா பயமா இருக்கு. தப்பா ஒண்ணும் ஆயிடாதே?"

"அட என்னம்மா நீ! அன்னைக்கு மத்தியானம் சொன்னியே, ஏதாவது ஆச்சா? அதே மாதிரிதான்."

"அன்னைக்கு நான் சொன்ன ஓடிபியை வச்சு நீங்கதானே சார் உள்ள போனீங்க?"

"பின்னே வேற யாரு போவா? சீக்கிரம் சொல்லும்மா!"

சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக... நிறுத்தி நிதானமாக... ரசித்து!

லேப்டாப்பில் 'தொப்பி கேமரா' என்ற வீடியோ ஒரு நொடி மின்னியது.

மறுநொடி காணோம். அழித்துவிட்டார்!

"திறந்துகூடப் பாக்கலையே!" மேடம் கிசுகிசுத்தாள். "தப்பு பண்ணாதவன் முதல்ல என்ன இருக்குன்னுதானே பாப்பான்?"

"அழிஞ்சு போச்சேம்மா..." முதலாளியின் குரலில் துக்கம் பொங்கியது. "வீடியோ ஒண்ணுமே இல்ல."

"பரவாயில்ல சார். இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது. ஆரம்பத்துலயே சொல்லியிருப்பாங்களே?"

டொக்... டொக்!

அவர் அறைக் கதவு தட்டப்படும் சத்தம் போனிலேயே கேட்டது. பூட்ஸ் சத்தம்... நாற்காலி விழும் சத்தம்... பிறகு முதலாளியின் அலறல்!

தங்கை அதைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் இணைப்பைத் துண்டித்தாள்.

மேடம் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அந்த வீடியோ போச்சே... நிஜமா என்னம்மா இருந்துச்சு அதுல?"

"எங்க பேங்க் விளம்பரம் மேடம். நான்தான் பேரை மாத்தி ஏத்தி வச்சேன். அண்ணன் தொப்பியே போட மாட்டான். இதுல கேமரா வேற!"

"அடிப்பாவி! விளம்பரத்துல என்ன வரும்?"

"'ஓடிபியை யாருக்கும் கொடுக்காதீங்க'ன்னு வரும்." தங்கை அடுத்த அழைப்பை எடுக்கக் கை நீட்டினாள். "யார்கிட்டேயிருந்தும் வாங்காதீங்கன்னும் இனிமே ஒரு வரி சேக்கச் சொல்லணும்!"