இடது கன்னத்தில் மயில்கழுத்து நிறம்

அந்த வீட்டைப் படப்பிடிப்புக்கு எடுத்ததே அதன் வெளிச்சத்துக்காகத்தான். மாடியில் நீளமான ஒரு அறை, வடக்கே வரிசையாக ஆறு ஜன்னல்கள். காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம் தண்ணீர் கலக்காத பால் மாதிரி ஒரே சீராக விழுகிறது என்று ஒளிப்பதிவாளனான தம்பி தன் அக்காவிடம் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா கலரிஸ்ட். தம்பி எடுத்துவரும் காட்சிகளுக்கு நிறம் சரிசெய்வது அவள் வேலை. இருட்டறையில் திரைக்கு முன் உட்கார்ந்தே தலை நரைத்தவள். படப்பிடிப்பு இடங்களுக்கு அவள் போவதில்லை. கேமரா புதிது என்பதால் சோதனை நாளன்று மட்டும் வந்தாள்.

புது வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் பழைய ஈரம் மணத்தது. மாடிப்படி ஏறும்போது காலடிச் சத்தம் ஒரு படி பின்தங்கி வந்தது. பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேமராவோடு வாடகைக் கடையிலிருந்து ஒரு டெக்னீஷியனும் வந்திருந்தார். சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் ஒளி அளக்கும் மீட்டர் தொங்குவதால் அவருக்குப் பெயரே மீட்டர். தங்கமான மாப்பிள்ளை கிடைத்த மாமனார் மாதிரிதான் அந்தக் கேமராவைப் பற்றி அவர் பேசுவார். மனிதத் தோலை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் கேமரா வேறு இல்லை, மற்றவை விட்டுவிடும் மெல்லிய சாயலைக்கூட இது பிடித்துவிடும் என்றார்.

சோதனைக்கு ஒரு முகம் வேண்டும். நடிகை வரவில்லை. தம்பி தன் மனைவியை உட்காரவைத்தான். அந்தப் படத்துக்கு உடைகள் அவள் பொறுப்பு. கதைக்கு வெள்ளையும் சாம்பலும் தவிர எந்த நிறமும் ஆகாது என்று இயக்குநர் சொன்னதிலிருந்து, யூனிட்டில் ஒருவர் சிவப்புக் கைக்குட்டை வைத்திருந்தால்கூடப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிடுவாள். அன்று வெள்ளைப் பருத்திச் சட்டையில், நிறம் ஒப்பிட உதவும் நிற அட்டையைக் கன்னத்தருகே பிடித்தபடி சிரித்தாள்.

மானிட்டரில் அக்கா முதலில் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். அடுத்துப் பார்த்தது இடது தாடையின் அடியை.

அங்கே ஒரு நிறம் இருந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மயில்கழுத்து நிறம். தாடையிலிருந்து கன்னத்தின் பாதிவரை, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மெல்லியதாய்ப் படர்ந்திருந்தது.

நிமிர்ந்து நேரில் பார்த்தாள். கன்னம் கன்னமாகத்தான் இருந்தது.

லென்ஸை மாற்றினார்கள். ஃபில்டரைக் கழற்றினார்கள். மீட்டர் கேமராவின் சென்சாரை மறுபடி சமன்செய்தார். சாயல் போகவில்லை. பக்கத்தில் இன்னொரு கேமராவை வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை.

இது ஏதோ துணியிலிருந்து வரும் நிறம், அதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பச்சைப் புடவை கட்டியவள் பக்கத்தில் நின்றால், துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி முகத்தில் விழும். துணி அருகே வர வர நிறம் கூடும். தினமும் அவள் படங்களிலிருந்து துடைப்பதே இப்படி ஒட்டிக்கொள்ளும் நிறங்களைத்தான். ஆனால் அந்த அறையில் வெள்ளைச் சுவரையும் நாற்காலியையும் தவிர எதுவும் இல்லை.

தம்பி மனைவியை நாற்காலியோடு எதிர்ப்பக்கம் நகர்த்தினார்கள். சாயலும் கூடவே வந்தது. அதே இடது பக்கம், கீழிருந்து மேலாக.

மீட்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். “துணி ஒரு பத்தடி தள்ளி இருக்குங்க,” என்று மெல்லச் சொன்னார். “ஆனா நிக்கலை. வெளிச்சம் கீழேர்ந்து ஏறுது பாருங்க. குந்தி உக்காந்திருக்கு.”

தம்பி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. உன் இருட்டறையில் அரை நிமிட வேலைதானே என்றான். சொன்னது உண்மைதான். அன்று மாலையே அந்தக் கன்னத்தை அவள் சுத்தமாக்கிவிட்டாள். படத்தில்.

அதன்பிறகு தினமும் காலை முதல் காட்சியாக, தம்பி மனைவி நிற அட்டையோடு உட்கார்ந்திருப்பது வந்துசேர்ந்தது. அக்காவின் மேசையில் நிறத்தை அளந்து காட்டும் வட்டம் ஒன்று உண்டு. எந்த நாட்டு மனிதத் தோலானாலும் அதில் ஒரே கோட்டையொட்டித்தான் விழும். இவள் தோலும் விழுந்தது. கூடவே, மயில்கழுத்துப் பக்கமாக ஒரு வால் நீண்டது. செவ்வாயன்று நகக்கண் அளவு. புதனன்று விரல் அளவு. வியாழனன்று கழுத்தும் காதுமடலும் நனைந்த மாதிரி இருந்தன.

மீட்டருக்குப் போன் செய்தாள். வாலின் அளவைச் சொன்னாள். மூன்றடி என்று மட்டும் சொன்னார் அவர்.

அன்றே அவள் தம்பியிடம் சண்டை போட்டு, அவன் மனைவியை அந்த வீட்டுக்குப் போகவிடாமல் செய்தாள். வீட்டை விட்டால் விட்டது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். சந்தேகம் தீரட்டும் என்று சனிக்கிழமை மதியம் கேமராவைத் தம்பியின் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். வரவேற்பறையில், குழந்தையின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில், ஜன்னலோரமாக அவளை உட்காரவைத்தார்கள்.

இடது முகம் முழுக்க மயில்கழுத்து.

 தம்பி மனைவிதான் எழுந்து வந்து மானிட்டரைப் பார்த்தாள். தன் துணி மாதிரிகள் ஒட்டிய நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு துண்டைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். கண் தொழில்கண்ணாகத்தான் இருந்தது.

“பட்டு அண்ணி,” என்றாள். “பருத்தில இந்தப் பளபளப்பு வராது. ரொம்பப் பழசு. ஓரத்துல சாயம் போயிருக்கு.”

அவர்கள் செய்யாதது இல்லை. அறை மாற்றினார்கள், ஊருக்கு வெளியே அழைத்துப்போனார்கள், மருத்துவரிடம் காட்டினார்கள். மருத்துவர் ரத்தம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவளுக்கும் வலி இல்லை, குளிர் இல்லை, கெட்ட கனவு இல்லை. போகும் இடமெல்லாம் கேமரா காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஓர் அடி. அரை அடி. கேமராவை அணைத்தால் எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது. போட்டால் தெரியும், தெரிந்து என்ன செய்வது? மனைவியின் இடது பக்கத்தில் கைகளை விரித்துத் தம்பி காற்றைத் துழாவிக்கொண்டிருந்ததை அக்கா ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

பதினான்காம் நாள் சாயல் இல்லை.

தம்பி போனிலேயே அழுதான். உடனே வரச் சொன்னான். அக்கா போய்ப் பார்த்தாள். மானிட்டரில் நெற்றி, கன்னம், கழுத்து, எல்லாம் அதனதன் நிறத்தில் இருந்தன. மீட்டர் மட்டும் தலைநிமிராமல் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கும். துணிக்கும் தோலுக்கும் நடுவே இடம் இருந்தால்தான் வெளிச்சம் நுழைந்து திரும்பும்.

துணி தோலோடு ஒட்டிவிட்டால் நிறம் விழாது.

அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஞாபகத்துக்கு ஒன்று எடுக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள் என்றான். அக்கா எழுவதற்குள் தம்பி மனைவி வந்து சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாம்பல் நிறப் பருத்தி உடுத்தியிருந்தாள். கை வழக்கம்போல வெதுவெதுப்பாக இருந்தது.

குரலைத் தாழ்த்தி, “அண்ணி, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க,” என்றாள். “இப்ப அது எங்க இருக்கு?”

அக்கா எதிரே இருந்த மானிட்டரைப் பார்த்தாள். சோபாவில் இரண்டு பெண்கள். இளையவளின் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

மயில்கழுத்து நிறம் தன்னுடைய கன்னத்தில் இருந்தது. தம்பி மனைவி உட்கார்ந்திருந்த பக்கக் கன்னத்தில்.

கேமராவுக்குப் பின்னால் தம்பி லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் இன்னும் கவனிக்கவில்லை.

“எங்கயும் இல்லம்மா,” என்றாள் அக்கா. “போயிடுச்சு.”

தம்பி மனைவி நீளமாக மூச்சு விட்டாள். பிறகு நிம்மதியோடு நெருங்கி வந்து, தன் கன்னத்தை அக்காவின் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். விலகவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் விலகவில்லை.

திரையில் அக்காவின் கன்னத்தில் அந்த நிறம் ஒரு கணம் பளிச்சென்று ஏறியது.

பிறகு இல்லை.