ஆள் வந்தால்தான் எழலாம்

“மம்மி, நீ நேத்து டிவில வந்தே. சச்சீ, நிஜமாத்தான்.”

அமலி ஃபோனில் இப்படிச் சொன்னபோது எவாஞ்சலினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆக்ராவில் அவள் தங்கியிருந்த லாட்ஜின் மொட்டைமாடியில், பராத்தாவின் நெய் வாசமும் பக்கத்து மேசைக்காரரின் சிகரெட் புகையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதப் புழுதிக்குள் தாஜ்மகால் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மங்கலாக நின்றது.

“நான் அங்க போறதே நாளைக்குத்தான் மக்ளே. அதுக்குள்ள எப்படி வருவேன்?”

“அந்தச் சிரிப்பு ஷோல, ஆடியன்ஸ்ல உக்காந்திருந்தே. மஞ்சள் குர்தா. எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்சே. லேகின் உன் கண்ணு மட்டும் அழுதுச்சு. காதையும் தொடவே இல்ல. ப்ராமிஸ் பண்ணியே?”

காது விஷயம் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையேயான ஒப்பந்தம். கேமரா தன் பக்கம் திரும்பும்போது எவாஞ்சலின் இடது காதைப் பிடித்துக்கொள்வாள், வீட்டில் டிவி பார்க்கும் அமலி அதை வைத்து அம்மாவைக் கண்டுபிடிப்பாள்.

ஃபோனை அமலியின் அப்பா பிராங்ளின் வாங்கிக்கொண்டான். “யாரோ உன்ன மாதிரி ஒருத்தியா இருக்கும். நான் அடுக்களைல நின்னேன், பாக்கல. நீ போன நாள்லேருந்து இவளுக்கு ஒழுங்கா தூக்கம் கிடையாது, அதான்.”

சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் பராத்தா அதற்குப் பிறகு இறங்கவில்லை. மஞ்சள் குர்தா ஒன்று காரின் டிக்கியில், கடைக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு அப்படியே கிடந்தது. வெள்ளை கூடாது, கறுப்பு கூடாது, கோடு போட்ட துணி கூடாது என்று நிகழ்ச்சிக்காரர்கள் அனுப்பிய பாஸில் போட்டிருந்ததால், கிளம்புவதற்கு முந்தைய நாள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசி எடுத்தது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. பிராங்ளினுக்குக்கூட.

எவாஞ்சலின் நாகர்கோவில்காரி. டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், வீடு ஜனக்புரியில். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று எடுத்த முதல் லீவு இதுதான். மதுரா, ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி என்று தானே கார் ஓட்டிப்போய்ச் சுற்றிவிட்டு, ஞாயிறு மதியம் அந்த ஷோவின் படப்பிடிப்பில் தலையைக் காட்டிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவதாக ஏற்பாடு. நைட் டூட்டியைத் தவிர, பெண்ணை விட்டு ஓர் இரவுகூடத் தனியே இருந்தது கிடையாது. அதனால் கிளம்பும்போது கொஞ்சம் தயங்கித்தான் வாசலில் நின்றாள். அமலிதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னாள்:

“நீ போ. நான் பாத்துக்கிறேன்.”

அது வார்டில் டூட்டி மாறும்போது சொல்கிற வார்த்தை. அடுத்த ஷிப்டுக்காரி வந்து, நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னால்தான் பழையவள் நகரலாம். சொல்ல ஆள் வரவில்லை என்றால், கால் வீங்கினாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எவாஞ்சலின் அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். வீட்டிலும் அமலியைப் பிராங்ளினிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும்போது இந்த வார்த்தையைக் கேட்காமல் செருப்பைப் போடமாட்டாள். பெண்ணும் பொம்மைகளுக்கெல்லாம் அதையே சொல்லி விளையாடும்.

ஞாயிறு காலை அவள் நீலச் சுடிதாரைத்தான் போட்டுக்கொண்டாள். மஞ்சளை வெளியே எடுப்பதாகவே இல்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை, நீலம் தனக்கு நன்றாக இருக்கும் என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டாள்.

பதர்பூர் வழியாக டெல்லிக்குள் நுழைந்தபோது இன்னும் நேரம் இருந்தது. துக்ளகாபாத் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினாள். அந்த வெயிலில் அங்கே ஈ காக்கை இல்லை. இடிந்த சுவர்களும் முள் மரங்களும் எங்கோ ஒரு குரங்கின் உறுமலும்தான். காய்ந்த புல்லின் வாசம் தொண்டையைக் கரகரக்கவைத்தது. ஒரு வளைவுக்குள் அவள் நுழைந்ததும் மேலே அடைந்திருந்த புறாக்கள் ஒரே சமயத்தில் கிளம்பின. நூறு பேர் கைதட்டியதுபோல் இருந்தது. அவள் தலையைக் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புறாக்கள் சுவரைத் தாண்டிப் போய்விட்டன. வானம் வெறுமையாக இருந்தது.

கைதட்டல் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ நிறுத்தச் சொன்னதுபோல் ஒரே நொடியில் நின்றது.

அவள் கொஞ்சம் வேகமாகவே காருக்கு நடந்தாள். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அமலி தன் பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறது. குழந்தையை ஏமாற்றுவதாவது.

ஸ்டூடியோ ஓக்லாவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஒரு பழைய குடோன். வாசலில் வாக்கி டாக்கியோடு நின்ற பெண் ஃபோனை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, எவாஞ்சலினை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீலா நஹீ சலேகா, தீதி.” நீலம் ஆகாதாம். இன்று செட்டே நீலம், நீலத் துணி அதோடு கலந்துபோய்விடும். வேறு ஏதாவது இருக்கிறதா?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் அவளுக்கு எப்போதுமே சட்டென்று வராது. காரின் டிக்கியைத் திறந்து, பாத்ரூமில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். புதுத்துணியின் கஞ்சி கழுத்தில் உறுத்தியது. மங்கலான கண்ணாடியில் மஞ்சளாக ஒருத்தி நின்றாள். எவாஞ்சலின் அவளை அதிக நேரம் பார்க்கவில்லை.

உள்ளே ஐஸ் பெட்டிபோல் குளிர். ஈரக் கம்பளமும் பெயிண்டும், சூடான விளக்குகளில் கருகும் தூசியும் சேர்ந்து ஒரு நாற்றம். அதற்கு அடியில் பீரோவுக்குள் இருந்து வருவதுபோல் அந்துருண்டை வாசம். மேடையில் யாரும் இல்லை. வாக்கி டாக்கிப் பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் விளக்கினாள். முதலில் பார்வையாளர்களின் சிரிப்பையும் கைதட்டலையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வோம், பிறகு எந்த ஜோக்குக்கு வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்வோம். சிவப்பு விளக்கு எரிந்தால் சிரிக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கைதட்ட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் முக்கியம்.

“சீட் காலி நஹீ ஹோனி சாஹியே.”

இருக்கை காலியாகக் கூடாது. பாத்ரூம் போவதானாலும் மாற்று ஆள் வந்த பிறகே எழலாம். தாமதமாக வந்ததால் எவாஞ்சலின்தான் இன்றைக்கு மாற்று ஆள். அதுவரை ஓரமாக நிற்கட்டும்.

நின்றாள். இருட்டுக்குக் கண் பழகப் பழக, வரிசைகளில் இருந்தவர்கள் துலங்கினார்கள். ஒருவர் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். கடைசியில் ஒரு பெரியவரின் காதுமடலுக்குப் பின்னால் ஹோலிச் சாயம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. ஹோலி முடிந்து எத்தனை நாளாயிற்று. பேச்சில்லை, இருமலில்லை. இத்தனை ஜனம் இருக்கும் இடத்தில் ஒரு கைக்குழந்தையாவது அழ வேண்டாமா.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. சிவப்புச் சால்வை போர்த்திய அம்மாள். யாரும் கவனிக்கவில்லை. கூப்பிடும் மணியடித்தால் எழுந்து ஓடிப் பழகிய கால், எவாஞ்சலினைக் கேட்காமலே அங்கே போயிற்று.

“என்னம்மா வேணும்?” பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

அம்மாளின் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. “தமிழா? அப்பாடா. ரெண்டு நிமிஷம் உக்காருவியாம்மா? என் பேரு ருக்மிணி. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்.”

“வீடு எங்க?”

“சரோஜினி நகர். கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ், மார்க்கெட்டுக்குப் பின்னாடி. பஸ் பிடிச்சாப் போய்டலாம்.”

அந்த அம்மாள் சொன்ன இடத்தில் வீடுகள் இல்லை. குர்தா வாங்கப் போனபோதுதான் எவாஞ்சலின் பார்த்தாள். பழைய குவார்ட்டர்ஸை எப்போதோ இடித்துவிட்டு, அங்கே கிரேன்களும் மாடிக் கட்டடங்களுமாக நின்றன. அதைச் சொல்ல நினைத்தாள். அதற்குள் ருக்மிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை, கை மாதிரியே இல்லை. வெடித்துப்போன குதிகால் மாதிரி தடித்து, மரத்து, வெளிறி இருந்தது. எத்தனையோ நோயாளிகளைத் தொட்டவள், இப்படி ஒரு கையைத் தொட்டதில்லை. அது நடுங்கியது. ஆஸ்பத்திரியில் அந்த நடுக்கத்தைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

“நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்.”

ருக்மிணியின் முழங்கால்கள் சொடுக்கிக்கொண்டு நிமிர்ந்தன. அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அடுத்தது பரிதாபம்.

“மன்னிச்சுடும்மா,” என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கதவு திறந்தது, கொஞ்சம் வெயில் உள்ளே விழுந்தது, கதவு மூடியது.

எவாஞ்சலின் உட்கார்ந்தாள். மெத்தை குழிந்திருந்தது. இவ்வளவு நேரம் ஒருத்தி உட்கார்ந்திருந்த இடம், தொட்டால் கல்லாகக் குளிர்ந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு வேடிக்கையும் நடக்கவில்லை, ஆனாலும் வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கைதட்டினாள். காது ஞாபகம் வந்தது. இடது கையைத் தூக்கினாள். கை காதுக்குப் போகவில்லை. வலது கையிடம் போனது.

மறுபடி தூக்கினாள்.

தட்டியது.

எழுந்துவிடலாம் என்று கால்களை ஊன்றினாள். கால்கள் கேட்கவில்லை. யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த கம்பளிக் குல்லாய்க்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்களைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

மேடைக்கு நிகழ்ச்சி நடத்துபவர் வந்தார், போனார். நீலச் செட்டைப் பிரித்துப் பச்சைச் செட் போட்டார்கள். பச்சை போய் ஆரஞ்சு வந்தது. நடத்துபவரின் தாடியில் நரை விழுந்தது, ஒரு நாள் மைபூசி வந்தார். பிராங்ளின் சாப்பாட்டை மூடி வைத்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குழந்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளங்கை முதலில் எரிந்தது. கொப்பளித்தது. பிறகு ஒன்றுமே தெரியாமல் போயிற்று.

மஞ்சள் குர்தா வெளுத்துவிட்டது.

கதவு திறந்தது. கொஞ்சம் வெயில். உயரமான பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிற வயது, தோளில் பை. வாக்கி டாக்கிப் பெண் அவளிடம் அதே பாடத்தை ஒப்பித்தாள். வந்தவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே வரிசை வரிசையாக முகங்களைத் தேடினாள். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. மூன்றாவது.

நின்றாள்.

தாடை பிராங்ளினுடையது. நெற்றி எவாஞ்சலினுடையது. அந்தப் பெண் இடது காதைப் பிடித்துக்கொண்டாள்.

மக்ளே.

“மம்மி.” குரல் உடைந்திருந்தது. “ஒவ்வொரு ஹப்தாவும், வாரம் தவறாம, டிவில உன்னைப் பாக்குறோம் மம்மி. பப்பா டிவி பக்கத்துலயே தூங்குறாங்க. யாருமே நம்பல. போலீஸ்கூட சிரிச்சாங்க. நான் பாஸ் எடுத்து வந்துட்டேன்.”

போ. இங்கே நிற்காதே. போ. எவாஞ்சலினின் தொண்டைக்குள் அந்த ஒரு சொல்தான் முட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

“அழாத மம்மி. அவங்க ரூல் சொன்னாங்க, ஆள் மாறினா எந்திரிக்கலாமாம். பப்பா வெளியதான் வண்டில இருக்காங்க. போய் ஒரு தடவை பாத்துட்டு வா. ரெண்டே நிமிஷம்.”

வேண்டாம். சொல்லாதே. அதை மட்டும் சொல்லாதே.

அமலி குனிந்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். அந்தக் கை மெத்தென்று, சூடாக இருந்தது. சின்ன வயதில் வாசலில் நின்றாளே, அதே பெருமையோடு சொன்னாள்.

“நீ போ. நான் பாத்துக்கிறேன்.”

எவாஞ்சலினின் முழங்கால்கள் சொடுக்கிக்கொண்டு நிமிர்ந்தன. இருக்கையின் கைப்பிடியைப் பற்றப் பார்த்தாள், மரத்த விரல்கள் வழுக்கின. கால்கள் திரும்பின. கால்கள் நடந்தன. கதவு வரைக்கும் கழுத்தை முறித்து முறித்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அமலி இடது காதைப் பிடித்தபடியே அந்தக் குழிக்குள் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கை காதிலிருந்து மெல்ல இறங்கி, மற்றக் கையைத் தேடிப் போயிற்று.