திறந்து பிடித்த கதவு

மழை விட்ட ஞாயிறு மதியம் அவர்களின் வேன் வடசேரியைத் தாண்டி ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன் நின்றது. வாசலில் ‘எஸ்கேப் ரூம்’ என்று புதுப் பலகை. ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒளித்து வைத்த துப்புகளைத் தேடி, சாவியை எடுத்து வெளியே வர வேண்டும். 2018இல் நாகர்கோவிலுக்கு அது புதுசு.

பல் மருத்துவமனையிலிருந்து அங்கே போக ஆள் சேர்த்தவள் மூத்த நர்ஸ் இசபெல். புதிர் என்றால் சோறு மறக்கும் ராஜகுமாரையும், எதையும் துருவிப் பார்க்கும் ஜிஷாவையும் யோசிக்காமல் எடுத்தாள். அடுத்து லிஜியின் பெயரைச் சொன்னதும் ராஜகுமார் தயங்கினான்.

“அக்கா, அவள பூட்டின அறைக்குள்ள கொண்டு போவணுமா?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டு ஒக்கிப் புயலில் லிஜியின் கணவன் ஜஸ்டஸ் போன விசைப்படகு கவிழ்ந்தது. அவன் அப்போது கீழறையில் தூங்கிக்கொண்டிருந்தான். கவிழ்ந்த படகின்மேல் தொற்றிக் கிடந்தவர்களுக்கு அவன் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. திறக்க வழியில்லை. இருட்டும்போது தட்டல் நின்றது. விடியுமுன் படகும் முங்கிவிட்டது.

“ஒரு நாளாவது அவ சிரிக்கட்டும்” என்றாள் இசபெல்.

வேலைக்கு வேண்டிய பேச்சு தவிர வாய் திறக்காத லிஜி அன்று ஒரு கேள்வி கேட்டாள்.

“உள்ள இருந்து வெளிய வர வழி இருக்குமாக்கா?”

“இருக்கும் மக்கா. நாமதான் தேடணும்.”

“அப்ப நான் வாறேன்.”

அறையில் மங்கலான ஒரு பல்பு மட்டும் எரிந்தது. கதவில் பூட்டு விழும் சத்தம் கேட்டது. ராஜகுமாரும் ஜிஷாவும் உற்சாகமாக மேசை இழுப்பறைகளைக் குடையத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் டீசல் வாடை வந்தது. அதோடு உப்பும், ஊறிய கயிறும் கலந்த வாடை.

பின் சுவரில் யாரோ தட்டினார்கள்.

“நல்லா செட் பண்ணிருக்கான்” என்றான் ராஜகுமார்.

மறுபடி தட்டல். அவசரமில்லாமல், களைத்துப்போன கையால் தட்டுவதுபோல.

லிஜி சுவரில் காதை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த இசபெல் சட்டென்று திரும்பினாள்.

“ஜிஷா, சாவி கிடைச்சா? சீக்கிரம் பாரு.”

ஜிஷா ஒரு கடிகாரத்தின் பின்னாலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற, விளையாட்டை நடத்துபவர் கைதட்டினார். அந்தச் சத்தத்தை எப்படி வைத்தீர்கள் என்று ராஜகுமார் கேட்டான்.

“சத்தமா? நாங்க ஒண்ணும் வைக்கல்லியே. அந்தச் சுவருக்குப் பின்னால வெறும் வயலு.”

லிஜி வெளியே வரவில்லை. கதவைக் கையால் பிடித்தபடி வாசற்படியில் நின்று உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கதவு இங்கதான் இருக்கு. இங்கோட்டு வாங்க. தண்ணி இல்ல, பயப்படாண்டாம்.”

தட்டல் நின்றது.

இசபெலின் தோளை உரசிக்கொண்டு ஈரமான குளிர் ஒன்று கடந்து போனது. லிஜி கதவை மெல்லச் சாத்தினாள்.

எல்லோரும் வேனில் ஏறினார்கள். சிரிக்க வைக்கக் கூட்டி வந்தவளை எதன் முன்னால் கொண்டு நிறுத்தினோம் என்று இசபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிஜி அழவில்லை. சன்னலோர இருக்கையைக் காலியாக விட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

குளச்சலில் அந்தி மயங்கியிருந்தது. லிஜி தனியாக இருக்கும் வீட்டின் முன் வேன் நின்றது.

“நான் இன்னைக்கு கூட இருக்கட்டா மக்கா?”

“வேண்டாம்க்கா. அவரு ரொம்ப களைச்சுப் போயிருக்காரு.”

அவள் இறங்கிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே நுழையாமல், யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றாள்.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

லிஜி இன்னும் வெளியேதான் நின்றிருந்தாள்.