எஸ்கந்தரின் வாயில் வினிகர் வாடை

காலை 7.40. தெற்குத் தெஹ்ரானின் ஒரு போதை மீட்பு கேம்ப்பில், ஆபீஸ் அறைக்குள் அதன் முதலாளி எஸ்கந்தர் செத்துக் கிடந்தான். வாயோரம் நுரை. கண்மணிகள் குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தன. கையருகே, போதையை விடுவிக்கக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தின் லேபிள் கிழிக்கப்பட்ட பாட்டில், காலி. தட்டில் விளிம்பு வரை நிறைந்த தேநீர்க் கோப்பை, பக்கத்தில் நனையாத கற்கண்டு.

அங்கே அடைபட்டிருந்த அறுபது பேரில் ஒருவனும் அழவில்லை. ரப்பர் குழாயால் அடித்துப் போதையை இறக்குகிறவனுக்கு யார் அழுவார்கள்? ஒழிந்தான் சனியன் என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

8.15. போதை மிஞ்சிச் செத்தவர்களைப் பார்த்துக் காரணம் எழுதும் டாக்டர் ஃபரங்கிஸ் வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டர் நூரிஸாதே படிவத்தை நீட்டினார்.

"பழைய அபின் கேஸ், டாக்டர். திரும்பத் தொட்டிருக்கான். மெத்தடோன் சாவு வருஷத்துக்கு வருஷம் ஏறுதுன்னு டீவியில நீங்கதானே சொன்னீங்க? இதையும் சேத்துக்குங்க."

ஃபரங்கிஸ் குனிந்தார். பிணத்தின் வாயில் வினிகரும் புதினாவும் மணத்தன. மீசையில் வெள்ளரித் துருவல் ஒட்டியிருந்தது. செகன்ஜபீன்! வெயிலுக்குக் குளிர்ச்சியாகக் குடிக்கும் புளிப்புச் சர்பத். ஆனால் அறையில் அந்தக் கிளாஸைக் காணோம்.

8.40. துணை நிர்வாகி பஹ்மன்.

"மெத்தடோன் அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான். ஒரு பாட்டில்கூட குறையல, எண்ணிப் பாத்துக்குங்க."

"அவன் செத்தா கேம்ப் உனக்கு?"

"ஆமா. அதுக்காக? இவனை ஒழிக்கணும்னு நெனைக்காதவன் இங்க யாரு டாக்டரம்மா?"

"போதையோட அவன் புளிப்பா எதுவும் சாப்பிடுவானா?"

பஹ்மன் சிரித்துவிட்டான். "புளிப்பா? ஒரு துளி பட்டாப் போதும், ஏறுனதெல்லாம் இறங்கிடுமே! டீயும் கற்கண்டும்தான் அதுக்குத் தோது. என்னையும் சேத்து வாசல் காவல்காரன் வரைக்கும் எல்லாருமே இங்க பழைய கேஸுங்கதான். யாரை வேணா கேளுங்க."

9.05. சமையற்காரி மலீஹே. வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்.

"நேத்து சாயங்காலம் என்ன குடுத்தே?"

"டீ. கற்கண்டு கேட்டாரு, வெச்சேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"நீ எப்பவாவது போதை தொட்டிருக்கியா?"

"சீ! என் வீட்ல ஒருத்தன் தொட்டதே போதும்."

9.30. ஃபரங்கிஸ் படிவத்தைக் கையெழுத்திடாமல் மடித்தார்.

"இது கொலை, இன்ஸ்பெக்டர். போதைக்குன்னு குடிச்சிருந்தா எஸ்கந்தர் புளிப்பைத் தொட்டிருக்கவே மாட்டான். உள்ள மருந்து இருக்குன்னு தெரியாமத்தான் சர்பத்தைக் குடிச்சிருக்கான்."

"அப்ப பஹ்மன்தான். சாவி அவன்கிட்ட இருக்கு."

"பஹ்மன் கொல்ல நெனச்சிருந்தா புளிப்புல கலப்பானா? மருந்து வேலை செய்யாதுன்னு அவனே நம்புறான். உண்மையோ பொய்யோ, போதை தொட்ட எவனும் அதை நம்புவான். கசப்பு தெரியாம இருக்கட்டும்னு வினிகர்ல கலந்தவங்களுக்கு அந்தப் பழக்கமே தெரியாது. போதைக்கு டீயும் கற்கண்டும்தான்னு அப்புறமாக் கேள்விப்பட்டு, சர்பத் கிளாஸை எடுத்துட்டு அதைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க, அவன் தொடவே இல்ல. இந்த வளாகத்துல போதையைத் தொடாத ஆள் ஒருத்திதான். மலீஹே."

மலீஹே அறை ஓரத்திலேயே நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வெள்ளரிக்காய் துருவிப் போட்டுக் குடுத்தேன். 'உன் கையே கை'ன்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சான். இன்னொரு கிளாஸ் கேட்டான். அதையும் குடுத்தேன்."

"ஏன்?" என்றார் நூரிஸாதே.

"இங்க பூயான்னு ஒரு பையன் இருந்தான், அவன் என் மகன். அப்பன் பேர்ல இருந்தான், என் பேரு வேற. அதான் இவனுக்கு அடையாளம் தெரியல. ரெண்டு வருஷம் முந்தி, இதே ரூம்ல, ரப்பர் குழாயால அடிச்சே கொன்னான். கிளினிக்ல பூயாவுக்குக் குடுத்த மருந்து வீட்லயே இருந்துச்சு. அதைத்தான் ஊத்துனேன்." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு வந்து போதை மிஞ்சின சாவுன்னு எழுதிக் குடுத்தது நீங்க. சாவு ஏறுதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, அதுல என் புள்ளையும் ஒண்ணு. கூட இன்னொண்ணு விழுந்தா யாரு தேடப்போறான்னு நெனச்சேன். அன்னைக்கு பூயாவோட சட்டையைத் தூக்கிப் பாத்தீங்களா டாக்டரம்மா?"

ஃபரங்கிஸுக்கு அந்தப் பையனின் முகம் ஞாபகம் வரவில்லை. அன்று எத்தனை பிணம் பார்த்தோம் என்பதுகூட ஞாபகமில்லை. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல. தூக்கல."

"எஸ்கந்தர் செத்தும் எனக்கு ஆறல. இதை உங்க வாயால கேக்கணும்னுதான் இருந்திருக்கு."

நூரிஸாதே வாக்குமூலத் தாளை மலீஹே முன் வைத்தார். ஃபரங்கிஸ் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"முதல்ல என்னோடது. பூயாவுக்கு நான் எழுதினது பொய்."

"டாக்டர், உங்க வேலை போயிடும்."

"போகட்டும். எழுதுங்க."

"என் புள்ளையோட முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்க," என்றாள் மலீஹே.