மடுத்தீன் தந்த கல்லும் மணலும்

மூன்று நத்தை ஓடுகளும் ஒரே வரிசையில் இருந்தன. மீன்தொட்டியின் மணலில், முன்கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளி, மூன்றின் வாயும் படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி, யாரோ அளந்து வைத்ததுபோல. பாசி தின்ன விட்டிருந்த நத்தை உள்ளே இல்லை. சதையின் துணுக்குக்கூட இல்லை. கழுவித் துடைத்த கோப்பைகள்போல மினுங்கின. பூரணி கோட்டைக் கழற்றாமல், தோள்பை தோளிலேயே தொங்க, குனிந்து பார்த்தாள். நவம்பர் மாதத்து ஐந்து மணிக்கே பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு இருட்டி, ஈரத் தெருவில் கடைகளின் வெளிச்சம் எண்ணெய்போல மிதந்தது. வீட்டுக்குள் தொட்டி விளக்கு மட்டும். மோட்டாரின் மெல்லிய இரைச்சலும், கடல் வற்றிய சேற்றின் மணமும்.

கணவன் வாமதேவனின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். நாற்பத்திரண்டு வயதில் நத்தை அடுக்கி விளையாடக்கூடிய மனிதன்தான். ருவாசி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவன். பின்னிரவில் எழும்பிப் போக வேண்டும் என்பதால் மாலை நாலரைக்கே போர்வைக்குள் போய்விடுவான். இப்போதும் மூடிய கதவுக்குப் பின்னால் அவன் குறட்டை கேட்டது. அதைக்கூட ஒழுங்காக விடத் தெரியாது அவனுக்கு. நடுவில் நிறுத்திவிட்டு மறந்துபோனவன்போல மறுபடி தொடங்குவான்.

தொட்டி வேண்டும் என்று கேட்டது அவள்தான். ஒரு பல் வைத்தியரின் கபினே என்ற சிகிச்சையகத்தில் அவளுக்கு வேலை. கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து, உறையிட்டு அடுக்குவாள். அங்கே காத்திருப்பு அறையில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. வெள்ளைப் பெட்டி, வளைந்த கண்ணாடி. மோட்டாரும் விளக்கும் வடிகட்டியும் பின்புறத்தில் ஒளித்துப் பூட்டப்பட்டிருந்தன. இரண்டு செம்மஞ்சள் மீன், ஒரு பிடி பவளம். அது மணக்கவில்லை. சத்தம் போடவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தன் வீட்டில் அப்படி ஒரு பொருளும் இல்லை, ஒரு மனிதனும் இல்லை என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. அதே பெட்டி வேண்டும் என்று வந்து சொன்னாள்.

"பெட்டியாய் வாங்கினால் அது கடைக்காரன்ரை கடல்," என்றான் வாமதேவன். "நாங்களே பொருத்தினால் எங்கடை கடல்."

"நீங்கள் பொருத்தின அலுமாரி இண்டைக்கும் சுவரைப் பிடிச்சுக் கொண்டுதான் நிக்குது."

"அலுமாரிக்கு உயிர் இல்லையே. அதுதான் சாயுது."

இந்த மாதிரிப் பதில்களுக்காகவே அவள் அவனை இகழ்ந்தாள். அவனை மட்டுமல்ல. தமிழர் நிறைந்த லா சப்பேலில் எவரும் எதையும் முழுதாக வாங்குவதில்லை என்பது அவள் முடிவு. ஒருத்தனிடம் கதவு, இன்னொருத்தனிடம் பிணைச்சல், மூன்றாமவனின் மச்சானிடம் ஆணி. ஒட்டுப்போட்ட வீடுகள், ஒட்டுப்போட்ட பிரெஞ்சு. மூன்று வாரம் வாமதேவன் கொப்பியில் தொட்டிப் படம் கீறிக்கொண்டிருந்தான்: கண்ணாடி இவனிடம், விளக்கு அவனிடம், நுரை பிரிக்கும் குழாய் வேறொருவனிடம். கடைசியில் ஒரு சமரசம். பெட்டி அவளுடையது. உள்ளே போவது அவனுடையது.

இகழ்ச்சி அவளுக்குப் பழைய போர்வை. பதினான்கு வயதில், பதுங்குகுழிக்குள், அழுதவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மனதுக்குள் கேவலப்படுத்தி முடித்தபோது தன் கை நடுங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து பயம் வருகிற வாசலுக்கெல்லாம் அதைத்தான் முதலில் அனுப்புவாள். அது போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை, அற்பம் என்று சொல்லும்.

உள்ளே போட வேண்டிய பவள முருகைக்கல்லுக்காகப் புறநகரான கூசேன்வில்லுக்குப் போனார்கள். மடுத்தீன் என்ற ஒரு முதியவர் தன் பெரிய தொட்டியைக் கலைத்து விற்றுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சோடி பெண் செருப்பு தூசி பிடித்துக் கிடந்தது. கூடத்தில் தொட்டி நின்ற இடம் வெளிறித் தெரிய, நடுவில் ஒரு நீல வாளி.

"பன்ரெண்டு வருசக் கல்லு, தங்கச்சி," என்றார். "கடைக் கல்லு செத்த கல்லு. இது முழுக்க உயிர்."

தலையளவு கல். துளைகளும் பொந்துகளும். ஒரு பக்கம் முழுவதும் மண்ணிறத்தில் பொத்தான் பொத்தானாகப் பூக்கள். விரல் நிழல் பட்டதும் இமைபோல மூடிக்கொண்டன.

"ஏன் அண்ணை விக்கிறியள்?"

"மனுசிக்குப் பிடிக்கேல்லை. கல்லு இருக்கிற வீட்டிலை நித்திரை வராது எண்டு சொன்னவ."

"இப்ப அக்கா எங்கை?"

மடுத்தீன் வாளியைப் பார்த்தார். "இப்ப அவவுக்கு நல்ல நித்திரை." பிறகு வாமதேவனிடம் ஒரு பையை நீட்டினார். "மணலையும் கொண்டு போ, தம்பி. ஒண்டை விட்டிட்டு மற்றது இராது."

திரும்பும் ரயிலில் வாமதேவன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் வாசித்தான். "இஞ்சை கேளும். இந்தப் பொத்தான் பூவிலை நஞ்சு இருக்காம். கல்லைச் சுடுதண்ணியிலை போடவே கூடாதாம். ஆவி மூச்சிலை போனால் வாயிலை இரும்பு கைக்குமாம். பிறகு கை கால் விழுந்திடுமாம். ஒரு வீட்டிலை நாய் கூடத் தப்பேல்லையாம்."

"நாயும் வாசிச்சிருக்கோணும்," என்றாள் பூரணி. எதிரில் இருந்த பிரெஞ்சுப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "பூவுக்கு நஞ்சு. கல்லுக்கு உயிர். இனி மணலுக்குப் பேய் பிடிச்சிருக்கு எண்டும் வாசியுங்கோ."

அவனும் சிரித்தான். அவனுடைய பெரிய குறை அதுதான்; எதற்கும் கூடச் சிரிப்பான்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள், கல்லைச் சரியாக இருத்துவதற்காகக் கையை விட்டவன் பெருவிரலில் இரத்தத்தோடு வந்தான். சிறு வெட்டு, ஆனால் நேர்த்தியானது. கபினேயின் கத்தரியால் வெட்டியதுபோல. விரல் வீங்கியது. அவன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, கல்லுக்குள் ஏதோ இருக்கிறது என்றான். கல் குத்தியிருக்கும் என்றாள் அவள். பிளாஸ்டர் அடுத்த நாள் தண்ணீரில் கழன்று எங்கோ போயிற்று. அன்றைக்குத்தான் சத்தம் தொடங்கியது. ஆறு மணிக்குத் தொட்டி விளக்கு தானாக அணைந்து நீல வெளிச்சமாக மாறும். கொஞ்ச நேரத்தில், டக். மோதிரம் கண்ணாடியில் தட்டுவதுபோல ஒரு முறை. பிறகு மோட்டாரின் இரைச்சல். பிறகு, அவள் அதை மறந்துவிட்ட நேரம் பார்த்து, டக். அவன் உறங்கிவிட, அவள் தனியாக விழித்திருக்கும் நேரம் அது. சுடுவது மோட்டார், விரிவது கண்ணாடி என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணத்தை அனுப்பிப் பார்த்தாள். மெத்ரோ பாலத்தில் ரயில் போகும்போது மட்டும் அந்தச் சத்தம் நின்றுவிடும், அதுவும் காதுகொடுத்துக் கேட்பதுபோல.

"சனிக்கிழமை மடுத்தீன் அண்ணையிட்டைத் திருப்பிக் குடுப்பம்," என்று நேற்று வாமதேவன் சொன்னான். "அதுவரைக்கும் நீர் அதிலை கை வையாதேயும்."

இன்று வியாழன். பூரணி படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"நத்தையை நீங்களோ அடுக்கினது?"

குறட்டை அறுந்தது. "என்ன நத்தை?"

"தொட்டிக்குள்ளை. வரிசையாய்."

இருட்டில் அவன் எழுந்து உட்காரவில்லை. போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் ரெண்டு நாளாய் அதுக்குக் கிட்டப் போகேல்லை. கதவைச் சாத்தும், பூரணி. வெளிச்சம் போனாப் பிறகு அது இஞ்சாலைதான் பாக்கிறது."

"ஓம். பாக்கும். உங்களை விட்டால் அதுக்குப் பாக்க ஆர் இருக்கினம்."

கதவைச் சாத்தினாள். சாத்தியபோது கைப்பிடியில் தன் விரல்கள் கொஞ்சம் கூடுதலாக நின்றதைக் கவனித்தாள். அதுதான் அவளைக் கோபப்படுத்தியது. நத்தையோ அவனோ அல்ல, அந்த விரல்கள்.

ஆறு மணிக்குள் முடிக்கலாம். கொதிக்காத எதையும் நம்பாதவள் அவள். கபினேயில் ஊசியிலிருந்து இடுக்கிவரை கொதிநீராவிக்குள் போய்வந்தால்தான் பொருள். உள்ளே இருப்பது எதுவானாலும் சூடு ஏறினால் வெளியே வரும். இடுக்கியால் எடுத்து, தட்டில் வைத்து, அவனை எழுப்பி, இதுதான் உங்கடை பேய், இவ்வளவுதான் என்று காட்டலாம். அந்தக் காட்சியை அவள் இரண்டு தரம் நினைத்துப் பார்த்தாள். இரண்டு தரமும் அவன் முகம் பிடித்திருந்தது.

கையுறை போட்டுக் கல்லைத் தூக்கினாள். நினைத்ததைவிடப் பாரம் குறைவு; ஏதோ இறங்கிப்போன வாகனம்போல. நண்டுப் பானைக்குள் அளவாகப் பொருந்தியது. தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, கூடத்து மூலையிலேயே இருந்த அடுப்பைக் கூட்டினாள்.

பிறகு கை வழக்கமாகச் செய்வதைத் தானாகச் செய்தது. மேல்மாடி ஜெனவியேவ் போன வருடம் கருவாட்டு மணத்தைப் பற்றி வீட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியதிலிருந்து இந்த வீட்டில் மீனோ நண்டோ அடுப்பேறினால் ஒரு முறை உண்டு. ஜன்னல் இறுக்கச் சாத்தப்படும். வாசல் கதவின் கீழ் ஈரத் துவாய் அடைக்கப்படும். சுவரிலிருந்த காற்றுப்போக்கியின் வாய்க்கு எப்போதோ பிளாஸ்டிக் ஒட்டியாயிற்று. மணம் ஒரு துளி வெளியே போகக் கூடாது. பூரணி துவாயைக் காலால் நெருக்கிவிட்டு வந்து அடுப்பருகில் நின்றாள். படுக்கையறைக் கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளி. அதை யாரும் ஒருபோதும் அடைத்ததில்லை.

தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. மூடியைத் திறந்து பார்த்தாள். பொத்தான் பூக்கள் எல்லாம் மூடியிருந்தன. ஆவி முகத்தில் அடித்தது. முதலில் நண்டு மணம், பிறகு ஏதோ ரப்பர், பிறகு ஒன்றும் இல்லை. பொந்துகளிலிருந்து எதுவும் வரவில்லை. ஒரு நண்டுக்குஞ்சுகூட. இன்னும் சூடு வேண்டும் என்று நினைத்தாள். மூடியைத் திறந்தபடியே விட்டாள். ஜன்னல் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. சுவரில் நீர் ஓடியது. கல் கொதிநீரில் மெல்ல அசைந்து பானையைத் தட்டியது. வெறும் கல். பார்த்தீர்களா, வெறும் கல்.

நாக்கில் ஏதோ கைத்தது.

உதட்டைக் கடித்துவிட்டோமோ என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இரத்தம் இல்லை. ஆனால் வாய் முழுக்க நாணயத்தைச் சப்பியதுபோல இருந்தது. தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் இரும்பு. தொண்டையில் ஒரு சிறு அடைப்பு, செருமினால் போய்விடக்கூடியது. செருமினாள். போகவில்லை.

வாமதேவனின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. ரயில். மடியில் வாளி. இஞ்சை கேளும். அவள் சிரித்த சிரிப்பு. அதற்கு முன் அவன் வாசித்த வரி.

அற்பம், என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு மூச்சுப் போதவில்லை.

அடுப்பை அணைத்தாள். அணைத்தாளா? கை போனதா என்று தெரியவில்லை. ஜன்னல் நாலு எட்டு. முழங்கால் முதலில் மடங்கியது, பிறகு மற்றது. தரை குளிர்ந்திருந்தது. கன்னத்தில் ஈரம். வாசலில் துவாய் இறுக்கமாக இருந்தது. நல்ல இறுக்கம். அவள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

"தேவன்," என்றாள். சத்தம் வரவில்லை.

படுக்கையறையில் குறட்டை நடந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் இருமல். இன்னொன்று. கட்டில் கிறீச்சிட்டது. கட்டிலை விட்டு அவன் எழும்ப வேண்டும். எழும்புங்கோ. முதல் தரமாக, இத்தனை வருடத்தில் முதல் தரமாக, அவன் மீது எந்த இகழ்ச்சியும் இல்லாமல் அவள் காத்திருந்தாள். அந்தப் பழைய இகழ்ச்சிப் போர்வை எங்கேயோ விழுந்துவிட்டது. உள்ளே பதினான்கு வயதுக்காரி ஒருத்தி வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

குறட்டை பாதியில் நின்றது. மறுபடி தொடங்கும். எப்போதும் தொடங்கும்.

தொடங்கவில்லை.

ஆறு மணி. தொட்டி விளக்கு அணைந்தது. நீலம் வந்தது.

தரையிலிருந்து பார்க்கையில் தொட்டி உயரமாக இருந்தது. கல் இருந்த இடத்தில் மணலில் ஒரு பள்ளம். முன்னால் மூன்று ஓடுகள். நாலாவதாக ஒன்று, ஐந்து மணிக்கு அது இல்லை. நீல வெளிச்சத்தில் கண் பழக வேண்டியிருந்தது. பிளாஸ்டர். வாமதேவனின் பெருவிரல் பிளாஸ்டர், நேர்த்தியாகச் சுருட்டி, ஓடுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது.

டக்.

கல்லுக்குள் அது இருக்கவே இல்லை.

பள்ளத்தின் மணல் மெல்ல வீங்கியது. வெடித்தது. ஒரு முனை மேலே வந்து, நின்று, படுக்கையறைப் பக்கம் திரும்பியது. அங்கே சத்தம் இல்லை என்று தெரிந்ததும் அவள் பக்கம் திரும்பியது. கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேரே, மோதிரம்போல ஒரு முறை தட்டியது. விரல் தடிப்பில் ஒரு புழு. வானவில் நிறத்தில் வளையம் வளையமாக. தண்ணீரின் விளிம்பை எட்டி, பெட்டியின் வெள்ளை மூடியைத் தள்ளித் தூக்கியது. மணலுக்குள்ளிருந்து மிச்சம் வந்துகொண்டிருந்தது. தரையில் முதல் சொட்டு விழுந்தது. மிச்சம் இன்னும் வந்துகொண்டிருந்தது.