நாலு இஞ்சி ஓட்டை

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் தரையில் கிடந்தார். தலையைச் சுற்றி ரத்தம்... பக்கத்தில் அவருடைய சொந்தச் சுத்தியல்!

லாயாங் லாயாங் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த நகைப் பட்டறையில், இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது யுகேந்திரன் ஒருவன்தான்.

போன் திரையில் 'செல்லம்' என்று வந்தது.

"அடிச்சுக்கிட்டே இரு, செல்லம்," என்று முணுமுணுத்தான். "பெருசு பிஸி."

மேசையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தான்.

ஒன்று, மாரியம்மன் கோயிலுக்காகக் கனகராஜ் பத்தர் செய்து முடித்திருந்த தங்க அட்டிகை.

இன்னொன்று, அவனுடைய சொந்தப் பொருள். வெள்ளிக் காப்பு. இரண்டு முனையிலும் சிங்க முகம், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு! ஒரு சிங்கத்துக்குக் கண் கல் விழுந்துவிட்டது என்று போன வாரம் கொடுத்திருந்தான். அதை வாங்கத்தான் வந்தான். வந்த இடத்தில் அட்டிகை கண்ணில் பட்டது. புத்தி கெட்டது.

காப்பில்லாத கையோடு தெருவில் போவது அவனுக்குச் சட்டையில்லாமல் போவது மாதிரி. மணிக்கட்டில் மாட்டினான்.

போன் நின்றது.

அவன் கிளம்பினான்.

*

மறுநாள். பெர்மாஸ் ஜெயா.

கார் ஆடியோ கடை வாசலில் ஒருத்தி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கண்கள் சிவந்திருந்தன. பலகை அறுத்த தூள் பட்டிருக்கும் என்று யுகேந்திரன் நினைத்துக்கொண்டான்.

"ஷாமளா நீதானா? ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி செய்யறதுல உன்னைத்தான் சொன்னாங்க."

"கடை இன்னிக்கி இல்ல. போங்க."

"காசு குடுக்கறேன் லா. சும்மாவா கேக்கறேன்?"

"இல்லன்னு தமிழ்ல சொன்னா ஏறாதா? மலாய்ல சொல்லணுமா? தூத்தோப்!"

இறங்கிய ஷட்டரைக் கையால் தடுத்துப் பிடித்தான். வலது கை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு விநாடி... இரண்டு விநாடி...

ஷட்டர் மறுபடியும் மேலே போனது!

"உள்ள வாங்க. என்ன வேணும்?"

'கையைப் பார்த்ததுமே பயந்துட்டா!' யுகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது.

"பன்னண்டு இஞ்சி ஊஃபருக்குப் பெட்டி. போர்ட் வச்சது. ஆறு இஞ்சி போர்ட்."

பெட்டிக்குள் இருக்கும் காற்று போய்வர ஒரு குழாய் வைப்பார்கள். அதுதான் போர்ட். ஆறு இஞ்சி என்றால் ஆறு அங்குல வாய். யுகேந்திரனுக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. அவன் கை போய்வர வேண்டும்! அட்டிகையை உள்ளே போட்டுப் பாலம் தாண்டினால் சிங்கப்பூரில் ஆள் காத்திருக்கிறான். அங்கே கையை விட்டு எடுத்துக் கொடுத்தால் முடிந்தது கதை.

"குழாய் நீளம்?" என்று கேட்டாள் ஷாமளா.

"அஞ்சு இஞ்சி போதும்."

அவள் சிரித்தாள். கேட்டவனுக்கு உறைக்கிற மாதிரிச் சிரிப்பு.

"ஆறு இஞ்சி வாய்க்கு அஞ்சு இஞ்சி குழாயா? எந்தப் புத்திசாலி சொன்னான்?"

"நான்தான் சொல்றேன்."

"வாய் பெருசானா குழாயும் நீளணும்ணே. இந்தப் பெட்டிக்கு ஆறு இஞ்சின்னா பதினேழு இஞ்சி குழாய். பெட்டி ஆழமே பதினஞ்சு! உங்க நம்பர் பிளேட்டை இடிச்சுக்கிட்டு வெளிய வரும்."

"வெட்டிக் குட்டையாக்கு."

"குட்டையாக்கினா பேஸ் இறங்காது. குரைக்கும்."

"குரைக்கட்டும். என் வண்டி, என் நாய். உனக்கென்ன?"

"பெட்டி மேல என் கடை ஸ்டிக்கர் இருக்கும். அதான் எனக்கு! நாலு இஞ்சி வாய், ஏழு இஞ்சி குழாய். அதுக்கு மேல ஒரு நூல் கூட மாத்த மாட்டேன்."

"நாலு இஞ்சியில காத்து சீறும். எனக்கும் தெரியும், சும்மா கதை விடாதே."

"சத்தம் ஏத்தினா சீறும். அதுக்குத்தான் வாய விரிச்சு வளைவு வைப்பேன்."

"ஆறு!"

"நாலு!"

"பொம்பளைக்கு என்ன தெரியும்னு பேசிக்கிட்டு நிக்கறேன் பாரு..."

"தெரியாதவகிட்ட ஏன் வந்தீங்க? ஆயர் ஈத்தாம் போங்க. பானை விக்கறான். எல்லா சைஸ்லயும் வாய் இருக்கு!"

அவன் கை உயர்ந்தது. அவள் நகரவில்லை. அலமாரியிலிருந்து நாலு இஞ்சிக் குழாய் ஒன்றை எடுத்து அவனிடம் எறிந்தாள். இரண்டு முனையும் எக்காளம் மாதிரி வளைந்து வழவழவென்று இருந்தது.

"கைய விட்டுப் பாருங்க."

யுகேந்திரன் வாசலை ஒரு முறை பார்த்தான்.

"கை... எதுக்கு விடணும்?"

"பல்லி போகும், கரப்பான் போகும். நானா வந்து எடுப்பேன்? நீங்கதான் எடுக்கணும்."

விட்டுப் பார்த்தான். கை போனது. காப்பும் லேசாக உரசிக்கொண்டு கூடவே போனது. இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது!

"சரி, தொலையுது. நாலே வை."

"நல்ல காப்பு," என்றாள் ஷாமளா மெதுவாக. "எங்க செஞ்சது?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மா. நாளைக்கு மத்தியானம் வாங்க. பெட்டி ரெடியா இருக்கும்."

*

இருந்தது.

காரின் பின்பக்கத்தில் பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஷாமளா ஒயர் எடுக்க உள்ளே போயிருந்தாள். யுகேந்திரனின் பேண்ட் பையில், கைக்குட்டைக்குள் அட்டிகை. இங்கிருந்து நேராகப் பாலம்!

கிறீச்...

பக்கத்து ஜெகபர் சாதிக் உணவகத்தின் முன்னால் போலீஸ் வண்டி வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இந்தப் பக்கமே பார்த்தார்.

பை கனத்தது. எங்கே போட... எங்கே...

பக்கத்திலேயே ஓட்டை!

கைக்குட்டை மூட்டையைப் போர்ட்டுக்குள் தள்ளினான். உள்ளே 'தொப்' என்று விழுந்தது.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். உணவகத்துக்குள் போனார். "ரொட்டி சானாய் ரெண்டு!" என்ற குரல் கேட்டது.

ஷாமளா ஒயரோடு வந்து மாட்டினாள்.

"ஒயர் மாட்டியாச்சா? நான் கிளம்பறேன்," என்றான் யுகேந்திரன்.

"பாட்டு போட்டுப் பாக்காம என் கடையிலேர்ந்து வண்டி போகாது."

"வேணாம் லா!"

"ஒரு ஓட்டைக்கு அவ்வளவு சண்டை போட்டுட்டு, இப்ப கேக்கக் கூட வேணாமா?"

பொத்தானை அழுத்தினாள்.

தும்... தும்... கிலுகிலு!

தும்... கிலுகிலு! கிலுகிலு!

கைக்குட்டை அவிழ்ந்துவிட்டது!

"அலமாக்! உள்ள என்னமோ ஆடுதே! ஸ்க்ரூ விழுந்திருக்கும். இருங்க, ஊஃபரக் கழட்டிப் பாக்கறேன்."

"தொடாதே!"

"ஏன்ணே இப்படி வேர்க்குது?"

"வெயிலு! போய் தே தாரிக் டீ ரெண்டு பொங்குஸ் கட்டி வாங்கிட்டு வா."

"நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?"

"போன்னா போ!"

முறைத்துவிட்டுப் போனாள்.

ஊஃபரைக் கழற்றலாமா? குனிந்து பார்த்தான். எல்லாம் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அவனிடம் அந்தத் திருப்புளி கிடையாது.

கைதான்!

விட்டான். காப்போடு சேர்ந்து உள்ளே போனது. முழங்கை வரை... விரல் நுனியில் தங்கம்! பற்றினான். இழுத்தான்.

வரவில்லை.

மறுபடியும் இழுத்தான். உள்ளே ஏதோ மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தது! அட்டிகையைக் கீழே போட்டான். அப்போதும் விடவில்லை. திருகினான், முறுக்கினான், தோல் கிழிந்தது...

"தே தாரிக்ல சீனி போடவா, வேணாமா?"

ஷாமளா! பின்னால் இன்ஸ்பெக்டர் கமலநாதன், ரொட்டி எண்ணெய் கையைத் துடைத்தபடி.

"கரப்பான் போயிருக்கு சார்... அதான்..." என்று உளறினான் யுகேந்திரன்.

"கரப்பான் கிலுகிலுன்னா சத்தம் போடும்?" என்றார் கமலநாதன்.

ஷாமளா பெட்டியைத் தட்டினாள். "நேத்து குடுத்த குழாய்க்கு ரெண்டு பக்கமும் வளைவு. இதுக்கு வெளிய மட்டும்தான். உள்முனைய ரம்பத்துல அறுத்தபடியே விட்டுட்டேன். போறப்ப சிங்கம் சும்மா இருக்கும். வர்றப்ப விளிம்பக் கவ்வும்."

"யாருடி நீ?"

தன் போனில் ஒரு எண்ணை அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் ஒரு போன் அடித்தது. யுகேந்திரனுக்குத் தெரிந்த போன். தெரிந்த மணி.

திரையில் 'செல்லம்'!

"அன்னிக்கிக் காலையில அப்பாகூட வீடியோவுல பேசினேன்," என்றாள் ஷாமளா. குரல் இப்போதுதான் உடைந்தது. "மேசை மேல இந்தக் காப்பு. 'பாரு செல்லம், சிங்கத்துக்குக் கண்ணு வச்சுட்டேன்'னு காட்டினாரு. மறுபடி அடிச்சேன்... எடுக்கல. துக்கத்துக்குக் கடைய மூடலாம்னு வந்தா, அதே சிங்கம் என் ஷட்டரப் புடிச்சுக்கிட்டு நிக்குது!"

"உடனே எனக்குப் போன் அடிச்சிடுச்சு இந்தப் பொண்ணு," என்றார் கமலநாதன். "வெறும் காப்புன்னா, அவரு உயிரோட இருக்கறப்பவே வாங்கிட்டேன்னு சொல்லிடுவே. அட்டிகை வேணும்னேன். போலீஸ் வண்டியக் காட்டுங்க, மீதிய ஓட்டை பாத்துக்கும்னு சொல்லிச்சு."

"எப்படிடி... எப்படித் தெரியும், அதுக்குள்ளதான் போடுவேன்னு?"

"ஆறு இஞ்சி வாய்க்கு அஞ்சு இஞ்சி குழாய் கேட்டீங்களே! பாட்டு கேக்கறவன் எவனும் அப்படிக் கேக்க மாட்டான். கை விடறவன்தான் கேப்பான்."

யுகேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தான். சிங்கங்கள் விடவில்லை.

"பெட்டிய அறுங்கடா! கை போகுது!"

"அறுக்கலாம், அறுக்கலாம்," என்றார் கமலநாதன். "ரொட்டி ஆறுது. சாப்பிட்டுட்டு வரேன்."

ஷாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடை ஸ்டிக்கரை உரித்து, பெட்டியின் மேல் நேராக ஒட்டினாள். விரலால் நீவிவிட்டாள்.

"பெட்டிக்கு ஒரு வருஷம் கேரண்டி, அண்ணே," என்றாள். "என்ன, நீங்க ஜெயில்லேர்ந்து வெளிய வர்றதுக்குள்ள அது முடிஞ்சிடும்!"