ஏழாவது கணக்குக்குப் பன்னிரண்டு

"சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன் பையில. அப்புறம் கேள்வித்தாள் காத்துலயா பறந்து போச்சு?"

காலையில் "வாங்க மேடம்" என்று சொன்ன அழகிரி, பகல் 12.10க்கெல்லாம் 'நீ'க்கு இறங்கிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் அவர் நடத்தும் டியூஷன் சென்டருக்குச் சுவர் மெல்லிசு. பக்கத்து மாவு மில்லில் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாவம், அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை பொழுது போக வேண்டாமா?

கணக்கு டீச்சர் மெஹ்ரீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை இன்று. பத்தும் இயற்கணித வாழ்க்கைக் கணக்குகள். பத்தும் அவள் போட்டவை. அச்சடித்த தாள்கள் சனி மாலை ஆறு மணியிலிருந்து பீரோவுக்குள் பூட்டி இருந்தன. பரீட்சை நடுவே, 10.40க்கு, மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. அதில் பத்து எண்கள். அழகிரி விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்: ஒன்பது சரி, ஒன்று தப்பு.

"அவசரத்துல ஒண்ணு தப்பாயிருக்கும். பன்னெண்டரைக்குப் பெற்றோர் குரூப்ல போட்டுடுவேன்" என்றார். மெஹ்ரீனின் படத்தோடு செய்தி தயாராக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த குரூப்பில் இருநூறு பேர். அதில் ஒருத்தி பாசிலின் அக்கா. மெஹ்ரீனுக்கும் பாசிலுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ். அந்த அக்கா ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் பாதித் திருச்சிக்கு அது போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆபீஸ் பார்க்கும் அரவிந்தன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நல்ல பையன், கணக்கில் பட்டம் வாங்கியவன். நேற்று நாலு மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள அச்சுக்கடையிலிருந்து பிழை பார்ப்பதற்கான ப்ரூஃப் வாங்கி வந்தது தான்தான் என்று அவனாகவே சொன்னான். கவர் பின் அடித்திருந்ததாம், அப்படியே மிஸ் கையில் கொடுத்துவிட்டானாம். இன்று முழுக்க வாசலில் நின்றதால் ஒரு கேள்வியைக்கூடப் பார்க்கவில்லையாம்.

12.18. மெஹ்ரீன் சீட்டைக் கேட்டு வாங்கினாள். ஏழாவது விடை 12. வர வேண்டியது 10.

தாயின் வயது மகளின் வயதைப்போல் நான்கு மடங்கு. இருபது ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு. மகளின் வயது என்ன? இதுதான் கணக்கு. அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள்.

4x + 20 = 2(x + 20)
4x + 20 = 2x + 40
2x = 20
x = 10

எங்கே தப்பினால் பன்னிரண்டு வரும்? 20ஐ அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்தால் 30 வரும். அடைப்புக்குறியைச் சரியாகப் பெருக்காவிட்டால் பூஜ்யம் வரும். ஆறு வருடமாகப் பிள்ளைகளின் தப்புகளைத் திருத்தியவள் அவள். எந்தத் தப்பிலும் பன்னிரண்டு வரவில்லை.

அப்படியானால் அது தப்பே இல்லை. சரியாகப் போட்ட வேறு கணக்கு. அவள் திருப்பிப் போட்டாள். மகள் 12, தாய் 48, தெரியாதது ஆண்டு.

48 + n = 2(12 + n)
48 + n = 24 + 2n
n = 24

வியர்வையில் மை கலைந்தது. ஆனால் இருபத்து நாலு கலையவில்லை.

12.26. அழகிரி போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"அரவிந்தன்," என்றாள். "ஏழாவது கணக்குல எத்தனை வருஷம் கழிச்சுன்னு வரும்?"

"இருபத்தி நாலு வருஷம், மிஸ்," என்றான் உதவும் அவசரத்தில்.

"சார், உங்க கையில இருக்கற கேள்வித்தாளைப் பாருங்க."

அழகிரி பார்த்தார். இருபது என்று இருந்தது.

மெஹ்ரீன் பையிலிருந்து நேற்றைய ப்ரூஃபை எடுத்து வைத்தாள். அச்சுக்கடையில் இருபதை இருபத்து நாலாக அடித்திருந்தார்கள். அதைச் சிவப்பு மையில் சுழித்து, தானே கடைக்குப் போய்த் திருத்தி அச்சடித்து வாங்கி வந்ததாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமையே அழகிரியிடம் கொடுத்த விடைத்தாளில் 10தான் இருந்தது. பீரோவுக்குள் இருந்த தாளிலும் இருபதுதான்.

"இருபத்தி நாலு அந்த ப்ரூஃப்ல மட்டும்தான் சார் இருந்துச்சு. கவரைப் பிரிக்கலைன்னவருக்கு அது எப்படித் தெரியும்? கணக்கைத் தப்பாப் போட்டிருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பார். சரியாப் போட்டுட்டார்."

அரவிந்தன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், கவரைப் பிரித்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு மறுபடி பின் அடித்ததை. அவனுக்கு நிச்சயமாகியிருந்த வேணியின் தங்கை பரீட்சை எழுதினாள். மாமனார் வீட்டில் நல்ல பேர் வாங்கும் ஆசை.

அழகிரி அந்தச் செய்தியை அழித்தார். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று மரியாதைக்குத் திரும்பினார். மாவு மில் மறுபடி ஓடத் தொடங்கியது. மெஹ்ரீன் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டும் பஸ்ஸில் ஏறினாள்.

வேணியின் தங்கை எழுதிய விடைத்தாளைத் திருத்தியபோது ஏழாவதுக்கு 10 என்று இருந்தது. ஒவ்வொரு படியாகப் போட்டிருந்தாள். மச்சான் ஆகப்போகிறவர் திணித்த சீட்டைப் பிரிக்காமலே பெஞ்சுக்கடியில் போட்டுவிட்டதாக அக்காவிடம் சொன்னாளாம். வேணி அன்றைக்கே மோதிரத்தைத் திருப்பி அனுப்பினாள். தை மாதம் திருவெள்ளறையில் வாழைத்தோப்பு வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அரவிந்தன் ஓசூருக்குப் போய்விட்டான். என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை, விசாரித்தும் பார்த்தாயிற்று. மெஹ்ரீன் பாசிலைக் கட்டிக்கொண்டு மன்னார்புரத்துக்குக் குடிபோனாள். நாத்தனாரின் பிள்ளைக்கு அவள்தான் கணக்குச் சொல்லித்தருகிறாள்.